உறை போடாத இறக்கை

ஆறடி நீள இறக்கையைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. கண்டக்டர் சம்மதித்தாலும் பக்கத்தில் நிற்பவனின் முழங்கை சம்மதிக்காது. இஸ்திரிக்கடை மாமாவும் நானும் ஒன்பது வருடமாகச் சேர்ந்து திரிந்ததற்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வேன் என்னுடையது என்பதுதான் முதல் காரணம். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுகிறாய் என்று கேட்பவர்களிடம், இரண்டு கண் உள்ளவர்கள் ஓட்டுகிற லட்சணத்தைப் போய்ப் பாருங்கள் என்பேன்.

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் கட்டுகிற பித்துப் பிடித்தவர்கள் எந்த ஊரிலும் நாலு பேர் இருப்பார்கள். பால்சா என்ற எடையே இல்லாத மரத்தைக் குச்சி குச்சியாக நறுக்கி, ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வருடக்கணக்கில் ஒரு கூட்டைக் கட்டி முடிப்பார்கள். அதன்மேல் மெல்லிய பிலிமை விரித்துச் சூடு காட்டினால் அது சுருங்கி இறுகி உறையாகும். உறை போட்டால்தான் பறக்கும். சரியாக அந்த இடத்தில் வந்து நின்றுவிடுவார்கள். கட்டுவதில் இருக்கிற ஆசை மூடுவதில் இருப்பதில்லை. அதற்குள் முதுகுவலி வரும், மாரடைப்பு வரும். கூடு பீரோ மேலே தூசி படிந்து கிடக்கும். எங்களுக்குள் அதை எலும்பு என்போம். "ஒரு வீட்ல பழைய எலும்பு இருக்காம், கிளம்பு" என்று மாமா போனில் சொன்னதை முதன்முதலாகக் கேட்ட என் மனைவி, இரண்டு நாள் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் போவோம். பெரும்பாலும் கட்டியவர் செத்துப் போயிருப்பார். அவர் மனைவியோ மருமகளோ அறைக் கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொள்வார்கள். உள்ளே கட்டிலுக்கு மேலே கயிற்றில் அந்த விமானம் தொங்கும். நாம் கதவைத் திறந்த காற்றுக்கே மெதுவாக நம் பக்கம் திரும்பும். எனக்கு அந்த நேரத்தில் பின்கழுத்து சில்லிடும். மாமா அசர மாட்டார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வாலிலிருந்து ஆரம்பித்து விரலால் தடவிக்கொண்டே வருவார். ஒவ்வொரு மூட்டையும் தொடுவார். முடித்ததும், "சரி, ஏத்து" என்பார். அந்தக் குரலில் ஏமாற்றம் இருக்கும். நல்ல சரக்கு கிடைத்தாலும் இருக்கும்.

வீட்டின் முன்னறையில்தான் அவருடைய இஸ்திரிக்கடை. துணி மடிக்கிற பெரிய மேசை, ஆவி விடுகிற இஸ்திரிப் பெட்டி, கம்பியில் வரிசையாகச் சட்டைகள். பின்னறையில் விமானங்களுக்கு என்று உள்ளங்கை அளவு சின்ன இஸ்திரிப் பெட்டி. அங்கே இரண்டு பேருக்கும் வேலை பிரித்திருந்தது. உடம்புக்கும் வாலுக்கும் மாமா உறை போடுவார். இறக்கைகள் முழுக்க அவர் மனைவி, அதாவது அத்தை. பிலிமின் பின்தாளை உரித்து, விளிம்புகளை லேசான சூட்டில் ஒட்டி, பிறகு சூட்டைக் கூட்டி நடுப்பகுதியை இழுப்பாள். சுருக்கமெல்லாம் ஓடி மறைந்து இறக்கை மத்தளம் மாதிரி ஆகும். அந்த நேரத்தில் அவள் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் காதைக் கொடுத்துக் கேட்டேன். "நீ யார் பெத்த பிள்ளை கட்டினதோ, நல்லா இரு" என்று ஒவ்வொரு இறக்கையிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உறை போட்ட விமானம் எத்தனையோ விற்பனைக்கு வரும். மாமா ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். உறை போடாததுதான் வேண்டும். ஏன் என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் பிடித்தது. அதுவும் நானாகப் புரிந்துகொண்டதல்ல, அத்தை சொல்லித்தான்.

"உறை போட்டுட்டா யார் கட்டினாங்கன்னு எப்படிப்பா தெரியும்? எலும்புல தானே கை தெரியும். அவர் பிளேனையா தேடறாரு? இவனைத் தேடறாரு."

இவன் என்றால் அவர்கள் மகன். குச்சி என்றால்தான் தெருவுக்குத் தெரியும். உடம்பும் அப்படி, கையில் இருப்பதும் அதுதான். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இடம். பசை காய்கிற வரை சின்னத் துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு காத்திருப்பான். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. அவன் கட்டியதில் எங்காவது ஒரு மூலையில் அந்த இரண்டு பள்ளமும் நடுவே ஒரு மேடும் இருந்தே தீரும். மகன் கட்டுவான், அப்பா உறை போடுவார். நான் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக்கொண்டு வருவேன். அப்படி ஒரு காலம் நன்றாகத்தான் போனது.

கண் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். பெரிய விமானம், அவன் அதுவரை கட்டியதிலேயே பெரியது. ஊருக்கு வெளியே காய்ந்த ஏரித் திடலில் முதல் தடவை பறந்தது. பத்து நிமிடம் அழகாகச் சுற்றியது. இறங்குவதற்காக வேகம் குறைத்துத் திரும்பியபோது ஒரு பக்கத்து நுனி சட்டென்று சரிந்தது. ஒரு சுழற்சி. நேராக வேடிக்கை பார்த்தவர்கள் பக்கம் வந்தது. மற்றவர்கள் குனிந்தார்கள். நான் என் நண்பனின் விமானம்தானே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். விசிறி என் முகத்தில் பட்டது.

திடலில் இருந்த அனுபவஸ்தர்கள் உடைந்த இறக்கையை எடுத்துப் பார்த்தார்களாம். இறக்கை நுனியின் பின்விளிம்பைத் ஒரு தீக்குச்சி தடிமன் அளவு மேலே தூக்கி, ஒரு சின்ன முறுக்கு வைத்துத்தான் கட்ட வேண்டும். வேகம் குறைந்தால் நுனி முதலில் விழாமல் இருப்பதற்கு அதுதான் காவல். இந்த இறக்கையில் அது இல்லை. "முறுக்கு வைக்கலையாடா?" என்று கேட்டிருக்கிறார்கள். குச்சி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மறந்துட்டேன்" என்றானாம்.

மறந்துவிட்டான். என் கண்ணை அவன் மறதியில் தொலைத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது எனக்குள் இந்த ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வந்து கால்மாட்டில் நின்றான். மாமா என் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். "உன் கையால கட்டினது இனிமே எவன் தலைக்கு மேலயும் பறக்கக் கூடாது. என் மூஞ்சிலயே முழிக்காத, போ" என்றேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன், அதை எழுத வேண்டாம். அவன் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தான். மாமா பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். அவன் போய்விட்டான். அன்று மாலையே ஊரைவிட்டே போய்விட்டான்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருந்தது, ஆனால் யாரும் அதில் துணி வைக்க மாட்டார்கள். எல்லாரையும் கண்ணு கண்ணு என்று கூப்பிடுகிற அத்தை என்னை அப்படிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். மாமா என் சிகிச்சைக்கு அலைந்தார், வேன் வாங்கக் கையெழுத்துப் போட்டார், என் கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாம் செய்தார். இப்படி ஒரு மனிதருக்கு அப்படி ஒரு பிள்ளையா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும்தான் பேசினேன். நான் துரத்திவிட்டவனை நானே வேன் ஓட்டித் தேடுவது எனக்கே வேடிக்கையாக இருந்தது. கிடைத்தால் இன்னொரு முறை திட்டலாம் என்று மனசுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

இல்லாத கண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அது எதையும் மறக்காது. இருக்கிற கண்ணை மூடினால் இந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு திடல் விரியும். விமானம் வந்துகொண்டே இருக்கும், வந்து சேரவே சேராது. அதற்குப் பின்னால் தூரத்தில் குச்சி நிற்பான். ஒன்பது வருடமாக அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

போன வாரம் மழை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா போன் செய்தார். நான்கு மணி நேரப் பயணத்தில் ஒரு நர்ஸ் வீடு. அவளுடைய கணவர் பக்கவாதத்தில் படுத்து ஒரு வருடம் கிடந்து இறந்தவர். வாசலில் எங்களுக்குத் துண்டு கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்:

"இவர் கட்டினது இல்லைங்க. கட்டி விக்கிறவர் யார்கிட்டயோ சொல்லி வரவழைச்சாரு. எலும்பா மட்டும்தான் குடுப்பாராம், உறை போட மாட்டாராம். இவருக்குக் கை விழறதுக்கு ஒரு மாசம் முன்னாடி வந்துச்சு. படுத்த எடத்துலேருந்து அதையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. ராத்திரியில அது அசையற சத்தம் கேட்குதும்பாரு. எனக்கும் இப்பக் கேட்குது. எடுத்துட்டுப் போயிடுங்க."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடினார். வாலில் ஆரம்பித்த விரல் இரண்டாவது மூட்டிலேயே நின்றது. அங்கேயே நின்றது. நான் அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடது இறக்கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, நுனியில் இருந்த கடைசி விலாவை, அதாவது குறுக்குக் குச்சியை, உற்றுப் பார்த்தார். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மாமா?"

"சரி, ஏத்து" என்றார்.

அது வந்த அட்டைப்பெட்டியையும் நர்ஸ் கொடுத்தாள். நான் பின்னால் எறிந்தேன். வழியில் டீக்கு நிறுத்தினேன், மாமா இறங்கவில்லை. மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே அத்தை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்விதான்.

"அவன்துங்களா?"

"இல்ல" என்றார் மாமா. "ஈரத்துல பழுதாயிடும். நானே உடனே உறை போட்டுடறேன்."

"நீங்களா? இறக்கைக்கா?"

"ஏன், எனக்குக் கையில்லையா?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன், அதாவது துவட்டுகிற மாதிரி இருந்தேன். ஒன்பது வருடத்தில் மாமா இறக்கையில் இஸ்திரிப் பெட்டி வைத்து நான் பார்த்ததில்லை. பின்னறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார். அத்தை ரொட்டியை வாட்டி, முட்டை பொரித்துக் கொடுத்தாள். நான் தின்றேன். அவள் தின்னவில்லை. உள்ளே பிலிம் கிழிகிற சத்தம் கேட்டது.

"மழை நாள்ல பிலிம் ஒட்டாது. அவருக்கே தெரியும்" என்றாள். "என்னடா நடக்குது?"

"தெரியல அத்தை."

"நீ பொய் சொன்னா உன் காது சிவக்கும். சின்ன வயசுலேருந்தே."

எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். நானும் ரொட்டியோடு பின்னால் போனேன். மாமா இடது இறக்கையை முடித்திருந்தார். கறுப்பு பிலிம். இருப்பதிலேயே ஒளி புகாத பிலிம். ஓரமெல்லாம் குமிழ் குமிழாக, கடைக்கு வந்த முதல் நாள் பையன்கூட அப்படி ஒட்ட மாட்டான். வலது இறக்கை வெறுமனே மேசையில் கிடந்தது. அத்தை அதைக் கையில் எடுத்தாள். கண்ணளவில் பிடித்து நீளவாக்கில் பார்த்தாள். உறை போடுகிறவர்கள் எல்லாரும் முதலில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"நுனியில முறுக்கு அழகா வச்சிருக்கான்" என்றாள். பிறகு அவள் கை நின்றது. நுனி விலாவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பென்சிலில் பொடி எழுத்து. அவள் உரக்கப் படித்தாள்.

"உறை போடுபவர் கவனத்துக்கு. இந்த முறுக்கு தெரிந்தே வைத்தது. நேராக்க வேண்டாம்."

இடது இறக்கையை மூடிய மனிதர், கட்டுகிறவன் இரண்டு பக்கமும் எழுதியிருப்பான் என்பதை யோசிக்கவில்லை. அவசரம்.

அத்தை அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாலை எடுத்து விரலால் தேடினாள். இரண்டாவது மூட்டில் கண்டுபிடித்தாள். பல் தடத்தின்மேல் கட்டைவிரலை வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"உயிரோட இருக்கான்" என்றாள். "அதை எங்கிட்ட ஏங்க மறைச்சீங்க?"

மாமா சின்ன இஸ்திரிப் பெட்டியை இன்னும் கையிலேயே பிடித்திருந்தார். நான் வாங்கி அதன் தாங்கியில் வைத்தேன்.

"நேராக்க வேண்டாம்னு எழுதியிருக்கான்" என்றாள் அத்தை மறுபடியும். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "எவனாவது இறக்கையை நேராக்குவானா? நான் இத்தனை இறக்கைக்குப் போட்டிருக்கேன். முறுக்கு இருந்தா அப்படியே பிடிச்சுக்கிட்டுத்தான் சூடு காட்டணும்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. இந்தத் தப்பை யார் பண்ணுவா?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"இஸ்திரி போடறவன் நான்" என்றார். "கோணலா ஒண்ணைக் கண்டா என் கை சும்மா இருக்காது. மேசையில வச்சேன், நுனி மட்டும் தூக்கிட்டு நின்னுச்சு. அவன் அதுவரைக்கும் அப்படிக் கட்டினதே இல்ல. அவசரத்துல கோணலா ஒட்டிட்டான்னு நினைச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவான், சத்தம் போடாம சரி பண்ணிக் குடுத்துடலாம்னு நினைச்சேன். ரெண்டு நுனியிலயும் எடை வச்சு அமுக்கிச் சூடு காட்டினேன். தட்டையா நின்னுடுச்சு." மேசையைக் கையால் தடவினார். "எனக்குப் பெருமையா இருந்துச்சுடி. மகன் விட்ட தப்பை நான் மூடிட்டேன்னு."

"அவன் மறந்துட்டேன்னு சொன்னானே" என்றாள் அத்தை.

"திடல்ல என்னைப் பார்த்தான். நான் கீழ பார்த்தேன். அதுக்கப்புறம்தான் சொன்னான்."

"ஒன்பது வருஷம்" என்றாள்.

"நாளைக்குச் சொல்லிடலாம் நாளைக்குச் சொல்லிடலாம்னே..."

"என்கிட்ட சொல்லாதீங்க. எனக்குப் புள்ளை போனது. அதை அப்புறம் பேசிக்கலாம். அந்தா நிக்கிறான் பாருங்க, கையில ரொட்டியை வச்சுக்கிட்டு. அவன்கிட்ட சொல்லுங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். என் காலைப் பார்த்தார், பிறகு சிரமப்பட்டுத் தலையைத் தூக்கினார்.

"உன் கண்ணு போனது என்னாலதான்" என்றார்.

கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும். அவர் உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளைகள், ஓடிய ஓட்டம், என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வேறு முகம் காட்டிவிட்டுப் போயின. அதைவிட மோசமாக ஒன்று வந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று நான் கக்கியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருக்கக்கூடியவன், அந்த வார்த்தையைச் சொல்லாமல் போன போக்கு. இருக்கிற கண்ணை மூடிக்கொண்டேன். வெள்ளைத் திடல் விரிந்தது. விமானம் வந்தது. பின்னால் குச்சி எப்போதும் நிற்கிற இடத்தில் மாமா நின்றார். குச்சியை எங்கு தேடியும் காணோம்.

கண்ணைத் திறந்து, நேராக வேனுக்குப் போனேன். மழையில் நனைந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அனுப்பியவர் என்ற இடத்தில் பேர் இல்லை, ஊரும் ஒரு போன் நம்பரும் இருந்தன. மை கொஞ்சம் கரைந்திருந்தாலும் படிக்க முடிந்தது. உள்ளே வந்து, போனை மேசைமேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டேன்.

போன் ஐந்து தடவை அடித்த பிறகு எடுத்தான்.

"யாருங்க?"

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. என்ன பேசுவதென்று யோசிக்காமலே கூப்பிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான்தான்டா" என்றேன்.

அந்தப் பக்கம் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. நின்றது.

"மழை நாள்ல வலிக்குதா?" என்று கேட்டான்.

டாக்டரைத் தவிர யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. என் மனைவிகூட. "வலிக்கும்" என்றேன். அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாமாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"அப்பா பேசறேன்" என்றார் மாமா.

வைத்துவிட்டானோ என்று நினைத்தேன். வைக்கவில்லை, மூச்சு கேட்டது.

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றான்.

"சொல்லிட்டேன்."

"எப்ப?"

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி அவர் யோசித்தது எனக்குத் தெரிந்தது. "இப்பத்தான். பத்து நிமிஷம் ஆகுது."

தெருவில் யாரோ தண்ணீரில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அம்மா எப்படியும் கிளம்பிடுவாங்க, தெரியும்" என்றான். "நீங்க வரலாமா வேணாமான்னு எனக்குச் சொல்லத் தெரியலப்பா. அவனைக் கேளுங்க. அவன் கூட்டிட்டு வந்தா வாங்க."

போனை வைத்துவிட்டான்.

மாமா என்னைக் கேட்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டியில் இருந்த ஊரை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஐந்து மணி நேரம். ஆஸ்பத்திரியில் நான் சொன்னதையெல்லாம் போனில் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. நேரில் முடியுமா என்று தெரியாது, ஆனால் யோசிக்க ஐந்து மணி நேரம் இருக்கிறது.

"அத்தை, கிளம்புங்க" என்றேன்.

அவள் குடையை எடுத்தாள். வலது இறக்கையையும் எடுத்துக்கொண்டாள். முன் சீட்டில் ஏறி, அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். மாமாவிடம் நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவர் கடைக்கதவைப் பூட்டிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே வந்து, பின்கதவைத் தானே திறந்து, சாமான் போடுகிற இடத்தில் ஏறிக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

நான் இறங்கிப் போய்க் கதவைச் சாத்தினேன்.